தூக்கிச் செல்லும் மறைவுக்கூடாரம்: பெங்களூரில் பறவைப் படமெடுப்பவர் எதை வாங்கலாம்?

ஹெசரகட்டா ஏரியின் வறண்ட படுகையில் ஒரு கௌதாரியைப் படமெடுக்கப் போய், நான் தோற்றது கௌதாரியிடம் அல்ல, ஆட்காட்டியிடம். புதர் ஓரமாகக் குனிந்தும் தவழ்ந்தும் நாற்பது அடி நெருங்கியிருப்பேன். எங்கிருந்தோ கிளம்பிய ஒரு ஜோடி ஆட்காட்டி தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்திய கத்தலில், கௌதாரி மட்டுமல்லாமல் அந்தப் புல்வெளியில் இருந்த வானம்பாடிகளும் நெட்டைக்காலிகளும்கூட இடத்தைக் காலிசெய்துவிட்டன. பெயர் வைத்தவர்கள் அனுபவப்பட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். நடந்து நெருங்குவது என்ற வழியை அன்றோடு கைவிட்டு, மறைந்து உட்கார்ந்து பறவையை வரவிடுவது என்று முடிவுசெய்த பிறகு, எந்த மறைவை வாங்குவது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை காண எனக்கு மூன்று குளிர்காலங்களும், வேண்டாத இரண்டு கூடாரங்களும் செலவாயின. அந்தச் செலவு மற்றவர்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

இணையக் கடைகளில் கிடைக்கும் மறைவுக்கூடாரங்களில் பெரும்பாலானவை படமெடுப்பவர்களுக்காக உருவானவை அல்ல என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அவை வட அமெரிக்காவில் மானையும் வான்கோழியையும் வேட்டையாடுபவர்களுக்காக உருவானவை. நான்கு பக்கமும் ஜன்னல், உட்கார்ந்தபடியே வில்லை இழுப்பதற்கு ஏற்ற அகலமும் உயரமும், அம்பு துளைத்துச் சென்றால் மாற்றிக்கொள்ளும் வலைத்துணி, மனித வாடையை அடக்குவதற்கான கரிப்பூச்சு ஆகிய எல்லாம் அந்தத் தேவையிலிருந்து வந்தவை. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு இடம் தரவில்லை. அந்தச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அடங்கும் என்பதைக் கேமராவோடு போகிறவர்கள் பலர் அறிவதில்லை. ஆகவே, கையில் துப்பாக்கி இல்லை என்பதனால் மட்டுமே நாம் வேடர் அல்ல என்று ஆகிவிடாது. சட்டம் ஒருபுறம் இருக்க, வேடருக்கான பொருளைப் படமெடுப்பவர் வாங்கும்போது வேண்டாத வசதிக்குப் பணம் கொடுக்கிறார், வேண்டிய ஒன்று இல்லாமல் திரும்புகிறார். வாடை அடக்கும் பூச்சு அந்த வேண்டாத வசதிகளில் முதன்மையானது. மோப்பத்தால் உயிர்பிழைக்கும் மானுக்கு அது பொருந்தும், பெரும்பாலும் கண்ணையும் காதையும் நம்பி வாழும் பறவைக்கு அதனால் ஒரு மாற்றமும் இல்லை.

வேண்டிய அந்த ஒன்று ஜன்னலின் உயரம். கடைக்காரர்கள் எவரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை, விளம்பரப் படங்களிலும் தெரிவதில்லை. ஆனால் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சேற்றில் மேயும் ஒரு பட்டாணி உப்புக்கொத்தியின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும், அது நம்மிடமிருந்து 8 மீட்டர் தொலைவில் நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். நாற்காலியில் உட்கார்ந்து 75 சென்டிமீட்டர் உயர ஜன்னல் வழியாக லென்ஸை நீட்டினால், லென்ஸிலிருந்து பறவையின் கண்ணைத் தொட்டுச் செல்லும் கோடு பறவைக்குப் பின்னால் ஒன்றரை மீட்டரிலேயே தரையில் முட்டிவிடும். அதாவது பறவைக்குப் பின்புலமாக விழுவது அதே சேறும், அதே கல்லும், அதில் கிடக்கும் பிளாஸ்டிக் உறையும்தான், அவை ஓரளவு தெளிவாகவே விழும். அதே லென்ஸை 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தாழ்த்தினால் அந்தக் கோடு பறவையைத் தாண்டி 12 மீட்டர் ஓடிய பிறகே தரையைத் தொடும். பின்புலம் முழுவதும் கரைந்து, பறவை மட்டும் நிற்கும். இரண்டு லட்ச ரூபாய் லென்ஸ் செய்வதாக நாம் நினைக்கும் வேலையைப் பெருமளவு செய்வது இந்த ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் தாழ்வுதான்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தால், எல்லாரும் முதலில் வாங்கும் ஹப் வகைக் கூடாரம் பின்னுக்குப் போய்விடுகிறது. நான்கு சுவர்களின் நடுவிலும் கூரையின் நடுவிலும் ஒரு குமிழ் இருக்கும். ஃபைபர் கம்பிகள் அந்தக் குமிழில் சேர்ந்திருக்கும். வெளியிலிருந்து ஒவ்வொரு குமிழையும் பிடித்து இழுத்தால் சுவர் 'டப்' என்று விறைத்து நிற்கும். இரண்டு நிமிடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி அறை தயாராகிவிடும். இரண்டு பேர், இரண்டு கேமரா முக்காலி, ஒரு டிபன் கேரியர் வரை தாராளமாக இடம் உண்டு, பையனை உடன் அழைத்துப் போகிறவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆனால் ஜன்னல்கள் நாற்காலி உயரத்தில் இருக்கின்றன. மடக்கினாலும் ஓர் ஆள் மார்பளவு நீளம் வரும் கட்டாகத்தான் இருக்கும். எடை ஏழெட்டுக் கிலோவைத் தொடும். வண்டியை நிறுத்திவிட்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டிய இடத்தில், கேமராப் பையோடு சேர்த்து இதைச் சுமந்தவர்கள் அடுத்த வாரம் சுமக்க மாட்டார்கள்.

காற்று இன்னொரு தொல்லை. பெங்களூரில் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து வீசும் காற்று மரமில்லாத புல்வெளியில் எப்படியிருக்கும் என்பதை, வீட்டுக்குள் இருந்துகொண்டு ஊகிக்க முடியாது. ஹப் கூடாரத்தோடு வரும் முளைகள் பென்சில் கனத்தில் இருக்கும். கோடையில் செங்கல்லாக இறுகிப்போன செம்மண்ணில் மூன்றாவது அடியிலேயே வளைந்துவிடும். நான் இரண்டு முளைகளை மட்டும் எப்படியோ இறக்கிவிட்டு, காலைக்கடனுக்காகச் சற்று வெளியே போய்த் திரும்பியபோது, என் கூடாரம் ஐம்பதடி தள்ளி ஒரு சீமைக்கருவேலத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு இரும்புக்கடையில் ஓரடி நீளத்துக் கம்பிகளை வெட்டி வாங்கி, ஒரு சுத்தியலையும் சேர்த்து எடுத்துச் செல்ல ஆரம்பித்தேன். எடை இன்னும் இரண்டு கிலோ கூடியது. பறந்துபோவதுகூடப் பரவாயில்லை. நன்றாகக் கட்டிய பிறகும் தளர்ந்த துணி காற்றில் படபடவென்று அடிக்கும். அந்த ஓசைக்கும் அசைவுக்கும் பறவை பழகுவதே இல்லை. இந்த வகையை வாங்குபவர் சுவர் விறைப்பாக நிற்கிறதா, குமிழ்களில் கயிறு கட்ட வளையம் இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எடைக்குப் பயந்து அடுத்ததாக நான் வாங்கியது எஃகுச் சுருள் வகை. வளையும் எஃகுப் பட்டை துணிக்குள் தைக்கப்பட்டிருக்கும். பையிலிருந்து எடுத்து வீசினால் தானே விரிந்து நிற்கும். மடக்கினால் பெரிய தோசைக்கல் போன்ற வட்டமாகி முதுகில் தொங்கும், எடையும் மூன்று கிலோவுக்குள் அடங்கிவிடும். விரிப்பதில் இருக்கும் சுகம் மடக்குவதில் இல்லை. அல்சூரில் எங்கள் மொட்டை மாடியில் அதை எட்டு வடிவமாக முறுக்கி மடக்கப் பழகிய மாலையில், வடாம் எடுக்க வந்த கீழ்வீட்டு அம்மா அரைமணி நேரம் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்று, "இதுக்கு உங்க அம்மா காலத்து கொசுவலையே தேவலாம்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். சரியாக மடக்காத ஒரு நாளில், சிவாஜிநகரிலிருந்து திரும்பும்போது ஆட்டோவின் பின் இருக்கையிலேயே பையின் ஜிப் தெறித்து அது விரிந்துகொண்டது. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "என்னண்ணே, உள்ள ஏதாச்சும் உசுரு இருக்கா?" என்று கேட்டார். நகைச்சுவை ஒருபுறம் இருக்கட்டும். இவ்வகைக் கூடாரத்துக்குச் சுவரில் விறைப்பு கிடையாது, ஹப் வகையைவிடவும் மோசமாகப் படபடக்கும். மரங்களுக்கிடையே, காற்று படாத ஓடைக் கரையில் மீன்கொத்திக்காகக் காத்திருப்பவருக்கு மட்டும் இதைச் சொல்லலாம்.

நாற்காலியோடு இணைந்த வகை ஒன்று உண்டு. முகடு தலைக்கு மேலாக முன்பக்கம் கவிழும். முதுகுவலிக்காரருக்கு நல்லது. முக்காலி வைக்க இடமில்லை, பார்வை முன்பக்கம் மட்டுமே, உயரமும் நாற்காலி உயரம்தான். துணியைக் கம்புகளில் கட்டி மூன்று பக்கமும் நிறுத்தும் தட்டி வகைக்கு மேற்கூரை இல்லை. வானில் சுற்றும் பருந்துக்கும் பூனைப் பருந்துக்கும் நாம் திறந்த பாத்திரத்தில் வைத்த சோறு போலத் தெரிவோம். மிதவை வகையை ஏரியில் இறக்குவதற்கு அனுமதியும் வேண்டும், நம் ஊர் ஏரித் தண்ணீரில் மார்பளவு இறங்கும் துணிச்சலும் வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை.

இப்போது நான் பயன்படுத்துவது எந்தக் கடையிலும் வாங்கியது அல்ல. தலைமேல் போட்டு மூடிக்கொள்ளும் போர்வை வகை மறைவை வெளிநாட்டு நிறுவனங்கள் விற்கின்றன. அதைப் பார்த்து ஸ்ரீராம்புரத்தில் உள்ள ஒரு தையல்காரரிடம், சிக்பேட்டையில் வாங்கிய ஐந்து மீட்டர் பழுப்புப் பருத்தித் துணியைக் கொடுத்துத் தைத்துக்கொண்டேன். முகத்துக்கு நேரே ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புக் கொசுவலை, லென்ஸுக்கு நாடா வைத்துச் சுருக்கும் ஒரு கை, பின்பக்கம் தரையைத் தொடும் நீளம், விளிம்பில் மணல் நிரப்பிய குழல் ஆகியவைதான் அதன் அமைப்பு. தையல்காரர் அளவெடுக்கும்போது, இது யாருக்கு என்று கேட்கவில்லை; உட்கார்ந்தால் எவ்வளவு, படுத்தால் எவ்வளவு என்று மட்டும் கேட்டு, இரண்டுக்கும் பொருந்துமாறு முன்பக்கத்தில் ஒரு மடிப்பு வைத்துக் கொடுத்தார். அந்த மடிப்பினால்தான் தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்தும், வயிற்றில் படுத்தும் அதே துணியைப் பயன்படுத்த முடிகிறது. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். உடலோடு ஒட்டிக் கிடப்பதால் காற்றில் படபடப்பதில்லை. லென்ஸ் எவ்வளவு தாழ வேண்டுமோ அவ்வளவு தாழ்கிறது. படுத்துக்கொள்ளும் நாளில் முக்காலிக்குப் பதிலாக ஒரு துணிப்பையில் மூன்று கிலோ ராகியை நிரப்பி, அதன்மேல் லென்ஸைக் கிடத்துகிறேன். மணலைவிட எடை குறைவு, லென்ஸின் வளைவுக்கு நன்றாக ஒடுங்கிக்கொடுக்கும். நனையவிட்டால் மட்டும் நாலாம் நாள் முளைவிட்டுவிடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் கை காலை நீட்ட முடியாது, தண்ணீர் குடிப்பதற்கு எடுக்கும் அசைவுகூட வெளியே தெரியும். மார்ச் மாதம் ஒன்பது மணிக்கு மேல் உள்ளே இருப்பது இட்லிக் கொப்பரைக்குள் இருப்பதற்குச் சமம். ஹப் கூடாரத்தின் உள்ளே அசைந்தாலும் வெளியே தெரியாது. போர்வைக்குள் அசைந்தால் போர்வையும் அசையும். ஆகவே, நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் காத்திருக்க வேண்டிய பறவைக்குக் கூடாரமும், ஒரு மணி நேரத்தில் இடம் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டிய நீர்க்கரைக்குப் போர்வையும் பொருத்தம்.

இத்தனையும் பேசிவிட்டு, காசில்லாத மறைவு ஒன்றை விட்டுவிடக் கூடாது. கார்தான் அது. சாலையோரப் பறவைகளுக்குக் கார் ஓர் எருமை மாட்டைவிடப் பழக்கப்பட்ட பொருள். கதவைத் திறந்து ஒருவர் காலைக் கீழே வைக்கும் நொடியில்தான் அவற்றுக்கு மனிதன் தெரிகிறான். ஹொசகோட்டை ஏரிக்கரைச் சாலையில் என்ஜினை அணைத்துவிட்டு, பாதி இறக்கிய கண்ணாடிமேல் ராகிப் பையை வைத்து, எதிர்ப்பக்க ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்துவிட்டால், ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கும் கூடாரம் தராத நெருக்கம் கிடைக்கிறது. உயரம் தாழாது என்பது உண்மைதான். ஆயினும் கம்பியிலும் வேலியிலும் உட்காரும் பஞ்சுருட்டானுக்கும் வல்லூறுக்கும் கார் ஜன்னலின் உயரமே சரி. ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்கிறேன்: புல்வெளிக்குள் காரை இறக்கக் கூடாது. வானம்பாடியும் நெட்டைக்காலியும் ஆட்காட்டியும் தரையிலேயே முட்டையிடுகின்றன. ஒரு சக்கரத் தடத்தின் அகலத்தில் எத்தனை கூடுகள் நசுங்கின என்பது ஓட்டுபவருக்குத் தெரியவே போவதில்லை. ஹெசரகட்டாவில் செந்தலை வல்லூறின் பின்னால் புல்லுக்குள் வண்டியை விரட்டிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன சட்ட விளக்கம் அவர்களுக்கும் பொருந்தும்.

துணியின் நிறத்தைப் பற்றி மக்கள் செலவழிக்கும் கவலையில் கால்பங்கைப் போதுமானதாக வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு இலையுதிர்காட்டு மரப்பட்டைகளை அச்சடித்த துணி, நம் ஊர்ச் செம்மண்ணிலும் காய்ந்த புல்லிலும் தனித்துத் தெரிகிறது; சாயம் மங்கிய பழுப்பு அடங்கிவிடுகிறது. உருவக்கோட்டை உடைப்பதும் அசைவை மறைப்பதும்தான் முக்கியம். புல்கீற்றுப் போன்ற நார்களைத் தொங்கவிட்ட துணி உருவக்கோட்டை நன்றாகவே உடைக்கும். என்னுடையதில் தொங்கிய நாரை ஒரு மாடு வந்து, நான் உள்ளே இருக்கும்போதே, மென்று இழுத்தது. பல பறவைகளுக்குப் புறஊதா ஒளியும் தெரியும் என்பதால், வெண்மையைக் கூட்டும் சலவைத்தூளில் துணியைத் துவைக்கக் கூடாது. நம் கண்ணுக்குப் பழுப்பாக இருப்பது அவற்றின் கண்ணுக்கு மினுங்கலாம். வெறும் தண்ணீரில் அலசினால் போதும். ராணுவச் சீருடை வடிவத்தை எந்தக் காரணத்துக்காகவும் வாங்க வேண்டாம். 2022 ஜனவரியில் அறிமுகமான புதிய களச்சீருடையின் வடிவத்தை ராணுவம் தன் உரிமையாகப் பதிவுசெய்திருக்கிறது. அது ஒரு காரணம். எலகங்கா விமானப்படைத் தளத்துக்கு அருகிலுள்ள ஒரு பொட்டலில், அப்படிப்பட்ட துணிக்குள்ளிருந்து நீண்ட குழாயை நீட்டியபடி விடியற்காலையில் கிடப்பவர் யாருக்கு என்ன விளக்கம் சொல்வார் என்பது இன்னொரு காரணம்.

எதை வாங்கினாலும் பயன்படுத்தும் முறையில் தவறினால் பலனில்லை. ஜனவரியில் இங்கே சூரியன் எழுவதற்கு 6.45 ஆகிவிடும், முக்கால் மணி நேரம் முன்பே, இருட்டில், கிழக்கு முதுகுப்பக்கம் வருமாறு உட்கார்ந்துவிட வேண்டும். ஜன்னல்களில் ஒன்றை மட்டும் திறக்க வேண்டும். காற்றுக்காகப் பின்னாலும் ஒன்றைத் திறந்தால், உள்ளே இருக்கும் நம் உருவம் திரைக்குப் பின்னால் தோல்பாவைக் கூத்து போலத் தெரிந்துவிடும். கூடாரத்தின் உட்புறம் கறுப்பாக இருப்பது இதற்காகத்தான். நாம் போட்டிருக்கும் வெள்ளைச் சட்டை அதைக் கெடுத்துவிடும். வலைத்துணி வழியாகவே படமெடுக்கலாம் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம்: அம்புக்கு அது பொருந்தும், லென்ஸுக்கு ஃபோகஸ் தடுமாறும், படம் பால் கலந்தது போல மங்கும். லென்ஸின் முனை ஜன்னலுக்கு வெளியே நீளாமல், விளிம்போடு நிற்பது நல்லது; வெளியே நீண்ட குழாய் திரும்புவதைப் பறவை கவனித்துவிடும். வெளிச்சம் வந்த பிறகு உள்ளே நுழைய நேர்ந்தால் நண்பர் ஒருவரையும் கூட்டிச்சென்று, இருவரும் நுழைந்து, அவர் மட்டும் வெளியேறி நடந்துவிட வேண்டும். ஆள் போய்விட்டார் என்று பறவை ஆறுதலடையும். பழைய வேடர்கள் அறிந்திருந்த உத்திதான் இது. பறவைக்குக் கணக்கு வராது என்பார்கள். நான் பார்த்தவரை காக்கையிடம் மட்டும் இது பலிப்பதில்லை.

கூட்டருகே எந்த மறைவையும் அமைக்கக் கூடாது. சரணாலயங்களுக்குள் சொந்தக் கூடாரத்தோடு போக முடியாது; ரங்கனதிட்டில் படகு, படகுக்காரர், அவ்வளவுதான். ஏரிகளிலும் புல்வெளிகளிலும் ஆடு மேய்ப்பவரிடமோ காவலரிடமோ முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட: ஒரு நாள் என் போர்வையைக் கண்ட மேய்ப்பர், பிணம் கிடக்கிறது என்று எண்ணி இரண்டு பேரைக் கூட்டி வந்துவிட்டார். கட்டணம் வாங்கிக்கொண்டு நிலையான மறைவிடத்தில் உட்காரவைக்கும் ஏற்பாடு கேரளத்தின் தட்டேக்காட்டிலும் வட கர்நாடகத்துக் கணேஷ்குடியிலும் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் படமெடுப்பவர் கூடாரத்துக்குப் பதிலாக அந்தப் பயணத்துக்குச் செலவிடுவதே லாபம்.

என் யோசனை இதுதான். கார் வைத்திருப்பவர் முதல் குளிர்காலத்தில் எதையும் வாங்காமல் காரையும் ராகிப் பையையும் மட்டும் பயன்படுத்திப் பார்க்கட்டும். இரு சக்கர வாகனத்தில் போகிறவரும் மெட்ரோவிலும் பேருந்திலும் போகிறவரும் போர்வையைத் தைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளோடு போகிறவரும், தன் சொந்த நிலத்திலோ தெரிந்தவர் தோட்டத்திலோ ஒரே இடத்தில் வாரக்கணக்கில் உட்காரப் போகிறவரும் ஹப் கூடாரத்தை வாங்கலாம். வாங்கியவுடன் முன்சுவரின் அடிப்பகுதியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், லென்ஸ் நுழையும் அளவுக்கு ஒரு துளையை வெட்டி, அதற்கு ஒரு கையும் மூடியும் தைத்துக்கொள்ள வேண்டும். புதுத் துணியில் கத்தரி வைக்க மனம் வராது. கருவேலத்தின்மேல் பறந்துபோன என் பழைய கூடாரத்துக்கு அதே ஸ்ரீராம்புரத்துக் கடையில் அந்தத் துளையை வெட்டிக் கொடுத்த பிறகுதான், எலகங்காவுக்கு அப்பால் நண்பரின் மாந்தோப்பில் அது மறுபடியும் விரிக்கப்பட்டது. இந்தக் குளிர்காலம் முழுவதும் அங்கேயே நிற்கிறது.